ஆனைகிடந்தானில் அழுகல் நின்றுபோன வருஷம்

ஆனைகிடந்தானில் அழுகல் நின்றுபோன சங்கதி முதன்முதலாக வந்து சேர்ந்தது பூங்கனியின் மாவுப் போணிக்குத்தான். மேற்கு மலையின் அடிவாரத்தில் வாழையும் நெல்லும் தென்னையுமாகக் கிடக்கும் அந்தச் சின்ன ஊரில், பாதி வீடுகளின் காலைப்பாடு பூங்கனி ஆட்டி விற்கும் இட்லி மாவில்தான் ஓடியது. சாயங்காலம் ஆட்டி, உப்புப் போட்டுக் கையால் கலந்து, ஈயப் போணிப் பாத்திரங்களில் மூடி வைத்தால் விடியும்போது மாவு மூடியைத் தலையால் முட்டிக்கொண்டு நிற்கும். அவள் அதைப் பொட்டலம் போடுவாள், அவள் புருஷன் சுயம்புலிங்கம் தோட்டங்களுக்கு வாழையிலை அறுக்கப் போகிற போக்கில் கடை கடையாகக் கொடுத்துவிட்டுப் போவான். பங்குனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மூடியைத் திறந்தால் மாவு வைத்தது வைத்தபடி இருந்தது. பொங்கவில்லை, புளிக்கவில்லை, ஒரு குமிழிகூட இல்லை. சுண்ணாம்பு கரைத்து வைத்ததுபோல அசையாமல் கிடந்தது.

"ஏட்டி, உளுந்து பழசா இருக்கும்" என்றாள் மாமியார் பொன்னுத்தாய்.

"புது உளுந்துதான் அத்தை."

"அப்போ உன் கை."

மறுநாளும் அப்படித்தான், அதற்கு மறுநாளும். பூங்கனி உளுந்தை மாற்றினாள், உப்பை மாற்றினாள், அடுப்புக்குப் பக்கத்தில் போர்வை போர்த்தி வைத்துப் பார்த்தாள், பொன்னுத்தாயையே கலக்கச் சொல்லிப் பார்த்தாள். கிழவியின் கைக்கும் மாவு பொங்கவில்லை என்றதும் வீட்டில் ஒரு சமாதானம் வந்தது. அதற்குள் ஊருக்குள்ளிருந்தும் சேதிகள் வர ஆரம்பித்திருந்தன. மீன்காரியின் கூடையில் பொழுதடையும் வரை கிடந்த சாளை அப்போதுதான் வலையிலிருந்து விழுந்ததுபோல் மின்னியது. பால் கெடவில்லை, ஆனால் உறை ஊற்றினால் தயிரும் ஆகவில்லை. தக்காளி வாடியது, சுருங்கியது, கடைசியில் காய்ந்து சருகானது, அழுக மட்டும் மாட்டேன் என்றது. பனையில் இறக்கிய பதனீர் சாயங்காலமும் பதனீராகவே இருந்ததால், அதைக் கள்ளாக நம்பித் தோப்புப் பக்கம் போனவர்கள் தெளிவாக வீடு திரும்பி, தங்கள் பெண்டாட்டிகளைப் பல வருஷங்களுக்குப் பிறகு நேருக்கு நேர் பார்த்தார்கள்.

ஊர் இதற்குப் பழகிக்கொண்ட வேகம்தான் பெரிது. முதல் வாரம் கும்பிட்டார்கள், இரண்டாம் வாரம் கொண்டாடினார்கள், அதற்கப்புறம் அதை மறந்தே போனார்கள். ஃபிரிட்ஜை விற்றவர்கள் உண்டு. கல்யாண வீட்டில் மிஞ்சிய சாம்பாரை அண்டாவோடு வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் சூடுபண்ணிச் சாப்பிட்டவர்கள் உண்டு. குப்பைமேட்டைக் கடக்கையில் மூக்கைப் பொத்த வேண்டிய அவசியம் இல்லாமல் போனதால் பேரூராட்சித் தலைவர் பஸ் ஸ்டாண்டில் தன் படத்தைப் போட்டு 'நாற்றமில்லா நன்னகர்' என்று பெரிய ஃபிளெக்ஸ் வைத்தார். ஏன் இப்படி ஆயிற்று என்பதற்குக் காரணங்களும் சொல்லப்பட்டன. வாழைக்கு அடித்த மருந்து என்றது ஒரு கட்சி, அம்மன் கோயில் கொடை விழாவை இரண்டு வருஷம் நிறுத்திவைத்த குற்றம் என்றது இன்னொரு கட்சி, தாசில்தார் ஆபீஸிலிருந்து வந்தவர்கள் மண்ணைப் பாட்டிலில் அடைத்துக்கொண்டு போனார்கள், பாட்டிலும் திரும்பவில்லை, அவர்களும் திரும்பவில்லை.

பூங்கனிக்கு மட்டும் பிழைப்பு போயிற்று. அவள் அடை மாவுக்கும் கேப்பை மாவுக்கும் மாறினாள். சுயம்புலிங்கம் அவள் ஆட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து அரிசி தள்ளிவிட்டு, "இதுவும் நல்லதுக்குத்தான், புளிக்கிறதுக்காகக் காத்துக் கிடக்க வேண்டாம்லா" என்பான். எதையும் நல்லதுக்குத்தான் என்று சொல்லிவிடுகிற ஆள் அவன். கல்யாணமாகிப் பல வருஷமாகியும் பிள்ளை இல்லை என்றதற்கும் அதையேதான் சொன்னான். அதைச் சொன்ன அன்றைக்கு மட்டும் தலையைத் திருப்பிக்கொண்டு சொன்னான்.

அந்த வருஷம் செத்தவர்கள் விஷயத்தில்தான் ஊர் புதிய பழக்கத்துக்கு வந்தது. முதலில் தபால்காரர் ஆவுடையப்பனின் தகப்பனார் போனார். மற்ற மகன்கள் துபாயிலிருந்து வர வேண்டும், அதுவரை கிடக்கட்டும் என்று வைத்தார்கள், ஐஸ் பெட்டிகூடத் தேவைப்படவில்லை. மகன்கள் வந்து பார்த்தார்கள், அப்பா மத்தியான உறக்கத்தில் இருப்பதுபோல இருந்தார். எடுக்க மனசு வரவில்லை. அடுத்த லீவில் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நாற்காலியில் உட்காரவைத்து, வெள்ளைச் சட்டை போட்டுவிட்டு, விமானம் ஏறிவிட்டார்கள். அதன் பிறகு யாரும் எடுக்கவில்லை. புதைக்கிறவர்கள் புதைக்கவில்லை, எரிக்கிறவர்களுக்கும் எரிக்கக் கை வரவில்லை. உள்ளறையில் ஒரு நாற்காலி, ஒரு விளக்கு, திங்களுக்குத் திங்கள் சலவைச் சட்டை. செத்த தகப்பன் முன்னால் கல்யாணம் பேசினார்கள், செத்த அண்ணன் முன்னால் பாகம் பிரித்தார்கள், அவனும் மறுப்புச் சொல்லவில்லை. தீட்டு எப்போது தொடங்குகிறது என்று கேட்டுப் போனவர்களிடம் கோயில் அய்யர் நெடுநேரம் யோசித்து, சவம் வாசல்படி தாண்டும்போதுதான் என்று தீர்ப்புச் சொன்னார். சபைப் போதகரும் அடக்க ஆராதனையை 'ஆண்டவருக்குச் சித்தமான ஒரு நாளுக்கு' ஒத்திவைத்தார்.

ஆடி மாதக் காற்றில் சுயம்புலிங்கம் பஸ் ஸ்டாண்டில் இலைக்கட்டை இறக்கி வைத்துவிட்டு, "கொஞ்சம் மூச்சு வாங்குது" என்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தான். டீ வந்தது, ஆறியது, அவன் எடுக்கவில்லை. தொட்டுப் பார்த்த டீக்கடைக்காரர் கடையைத் திறந்துபோட்டபடியே பூங்கனி வீட்டுக்கு ஓடினார்.

அவனைக் கட்டிலில் கிடத்தினார்கள். நாற்காலி வேண்டாம், அவனுக்குக் கால் நீட்டிப் படுத்தால்தான் பிடிக்கும் என்றாள் பூங்கனி. தினமும் காலையில் ஈரத்துணியால் அவன் முகத்தையும் கைகால்களையும் துடைத்து, தலையைச் சீவி விடுவாள். அன்றைக்கு எத்தனை பேர் அடை மாவு வாங்கினார்கள், எந்தத் தோட்டத்தில் இலை கிழிந்து கிடக்கிறது, மேல்வீட்டு டீச்சருக்குக் காய்ச்சல், எல்லாம் சொல்லுவாள். பொன்னுத்தாய் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டே இருப்பாள். ஊரில் ஓர் ஈ கூட இல்லாத காலம் அது. இருந்தாலும் மகன் முகத்தில் ஈ உட்கார்ந்துவிடும் என்று விசிறினாள்.

இரண்டு பெண்களும் தங்கள் துக்கத்தைப் பாதி வழியில் நிறுத்திவைத்துவிட்டு, அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு வாழ்ந்தார்கள். அது ஒரு மாதிரி நன்றாகக்கூட இருந்தது.

மண்ணுக்குத்தான் அது ஒத்துக்கொள்ளவில்லை. மரத்திலிருந்து விழுந்த இலை விழுந்த இடத்திலேயே இலையாகக் கிடந்தது, அதன் மேல் அடுத்த இலை, அதன் மேல் இன்னொன்று என்று தோப்புகளில் முழங்கால் வரைக்கும் சருகு ஏறியது. போன போகத்து வைக்கோல் தாள் வயலில் கம்பிபோல் குத்திக்கொண்டு நின்றது. எருக்குழியில் சாணம் சாணமாகவே இருந்தது. வீடுகளின் செப்டிக் டேங்க் நிறைந்து வழிந்தது. நாற்றம் இல்லைதான், ஆனால் வழிந்தது. புழுவும் ஈயும் இல்லாததால் தவளைச் சத்தம் நின்றது, தவளை இல்லாததால் சாரைப்பாம்புகள் வேலி தாண்டிப் போயின, மைனாக்களும் கரிச்சான்களும் கூட்டம் கூட்டமாகக் கிழக்கே பறந்தன, ஒருநாள் விடிந்தபோது ஊரில் பறவைச் சத்தமே இல்லை என்பதை எல்லோரும் ஒரே நேரத்தில் கவனித்தார்கள். பிசானப் போகத்து நெல் நாற்று முழங்கால் உயரம்கூட வராமல் மஞ்சளாகி நின்றது. மூட்டை மூட்டையாக யூரியா கொட்டினார்கள்; கொட்டினால் சில நாள் பச்சை, பிறகு பழையபடி மஞ்சள். வாழை விரலளவுக்குக் காய்த்தது. மாடுகள் வயிறு நிறைய வைக்கோலைத் தின்றுவிட்டு, தின்றதை அசைபோடவும் முடியாமல் செரிக்கவும் முடியாமல், வீங்கிய வயிற்றோடு பட்டினியால் மெலிந்தன.

மேல்வீட்டில் வாடகைக்கு இருந்தவள் ஹெப்சிபா. பக்கத்து டவுன் காலேஜில் உயிரியல் நடத்துகிறவள். ஒருநாள் சாயங்காலம் அடை மாவு வாங்க வந்தவள் உள்ளறையை எட்டிப் பார்த்து, சுயம்புலிங்கத்தை நோக்கித் தலையைத் தாழ்த்திவிட்டு, அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"டீச்சர், படிச்சவுக நீங்க. இது என்ன செய்யுது நம்ம ஊரை?" என்று கேட்டாள் பூங்கனி.

"எனக்கும் ஏன்னு தெரியலக்கா. ஆனா என்ன நின்னு போச்சுன்னு தெரியும்." ஹெப்சிபா வாசலில் குவிந்து கிடந்த சருகைக் காட்டினாள். "வெயில் இருக்குல்லா, அது தினமும் புதுசா வருது. வந்து, இலைக்குள்ள போயி, மாட்டுக்குள்ள போயி, நமக்குள்ள போயி, சூடாச் செலவழிஞ்சு போயிருது. போனா போனதுதான், மறுநாள் வேற வெயில். ஆனா மண்ணுல இருக்கிற சத்து அப்படி இல்ல. வானத்துல இருந்து யாரும் புதுசாக் கொண்டுவந்து கொட்ட மாட்டாங்க. இருக்கிறதையே திரும்பத் திரும்பச் சுத்தி வரணும். செத்த இலையைப் பிரிச்சுப் போட்டாத்தான் அடுத்த இலை அதை எடுத்துக் கட்டும். பிரிச்சுக் கொடுக்கிற வேலையைச் செஞ்சதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத உசுருக. அதுக இப்ப இல்ல. அதனால செத்ததெல்லாம் செத்த இடத்துலயே பூட்டிக் கிடக்கு."

"உங்க மாவைப் புளிக்க வச்சதும் அதுகதான்" என்றாள் ஹெப்சிபா. "நான் வருஷா வருஷம் அதை ரெண்டு மார்க் கேள்வியாத்தான் நடத்துவேன். பெரிய கேள்வியெல்லாம் புலி, யானை, காடுன்னு போயிரும்."

உள்ளேயிருந்து விசிறிச் சத்தம் நின்றது. "எல்லாம் பூட்டிக் கிடந்தா என்ன?" என்றாள் பொன்னுத்தாய். "என் மகனும்தான் கிடக்கான். கிடந்துட்டுப் போகட்டும்."

மாசி மாதம் ஒரு காலையில் பூங்கனி அவன் கால்களைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஒரு வாசனை வந்தது. ஈரத்துணியில் சுற்றி மறந்துபோன மல்லிகைச் சரம்போல, அடியில் இனிப்பும் மேலே கெட்டதுமாக. ஓட்டுக்கு மேலே எலி செத்துக் கிடக்கிறது என்றுதான் நினைத்தாள். நினைத்ததும் சந்தோஷத்தில் அவள் நெஞ்சு ஒருதரம் குதித்தது, எத்தனை காலமாயிற்று எலி செத்து நாறி! அப்புறம்தான் குனிந்தாள். இடது கால் விரலிடுக்கில், உளுந்து அளவுக்கு, பச்சையும் கறுப்புமாக ஒரு புள்ளி.

அவள் துணியைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு, சாம்பிராணி போட்டாள்.

பொன்னுத்தாய் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். மறுநாள் பூங்கனி கதவிடுக்கில் பழந்துணி செருகினாள், பொன்னுத்தாய் கட்டிலைச் சுற்றி வேப்பிலை பரப்பினாள். ஒருத்திக்குத் தெரியும் என்பது இன்னொருத்திக்குத் தெரியும். சாம்பிராணி வாங்கி வாங்கிக் கடைக்காரருக்கே சந்தேகம் வந்தது. புகை மூட்டத்துக்குள் உட்கார்ந்து, கண் எரிந்து, ஆளுக்கொரு பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அந்த நாட்களில் ஒருநாள், பூங்கனி பழக்கதோஷத்தில் ஆட்டிய கொஞ்சம் இட்லி மாவை இடமில்லாமல் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருந்தாள். காலையில் துடைக்கப் போனவள் காலில் ஏதோ வழவழவென்று மிதிபட்டது. குனிந்து பார்த்தால் மூடி ஒருபக்கம், போணி ஒருபக்கம், மாவு நுரைத்துப் பொங்கித் தரையெல்லாம் வழிந்து கிடந்தது. ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். புளிப்பு.

சத்தம் போடாமல் போணியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள், யாரும் பார்க்குமுன் கொட்டிவிடலாம் என்று. அங்கே வேலி ஓரத்தில் அடுத்த வீட்டு வேலம்மாளின் பசு நின்றது. விலா எலும்பெல்லாம் எண்ணுகிற மாதிரி, வயிறு மட்டும் மத்தளம்போல. நடக்க முடியாமல் வேலியில் சாய்ந்து நின்ற அந்தப் பசு போணியை மோந்து பார்த்தது. மூக்கை விரித்தது. பூங்கனி கொட்டப் போனவள் கொட்டாமல் போணியை அதன் வாய்க்கு நேரே பிடித்தாள். அது அடிவரை நக்கித் தின்றது. தின்றுவிட்டு நின்றது. நெடுநேரம் நின்றது. பிறகு அதன் வயிற்றுக்குள் எங்கோ தூரத்தில் வண்டி உருளுகிற சத்தம் கேட்டது, ஒரு பெரிய ஏப்பம் வந்தது, தாடை மெல்ல இடமிருந்து வலமாக அசைந்தது. பசு அசைபோட ஆரம்பித்தது.

"வேலம்மா! ஏ வேலம்மா!" என்று கூப்பிட வாயெடுத்த பூங்கனி, கூப்பிடாமல், கொல்லைப் படியில் உட்கார்ந்துவிட்டாள். ஊர் முழுக்க மஞ்சளாகக் கிடக்கிற வயலும், டீச்சர் சொன்னதும், வேலம்மாளின் மகள் பால் இல்லாமல் கைக்குழந்தைக்குக் கேப்பைக் கஞ்சி ஊற்றுவதும் அவளுக்கு ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. ஊருக்கெல்லாம் வேண்டியது தன் வீட்டு உள்ளறையில், சாத்திய ஜன்னலுக்குப் பின்னால் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் புருஷன் போய்விடுவான். அவ்வளவுதான் கணக்கு. அழுது முடித்துவிட்டுத்தான் உள்ளே போனாள்.

"அத்தை, ஜன்னலைத் திறக்கப் போறேன்."

பொன்னுத்தாய் விசிறியை இறுக்கிப் பிடித்தாள். "எதுக்கு?"

"உங்களுக்குத் தெரியும் எதுக்குன்னு."

"எனக்கு ஒண்ணும் தெரியாது. எனக்கு மூக்கடைப்பு."

"அத்தை…"

"ஏட்டி, ஊருல எத்தனை வீட்டுல எத்தனை பேர் உக்காந்திருக்கான். அவனுகளுக்கெல்லாம் வராத கேடு என் மகனுக்கு மட்டும் ஏன் வரணும்? அவன் யாருக்கு என்ன செஞ்சான்?" கிழவியின் குரல் உடைந்தது. "சாம்பிராணி போடு. வெளிய தெரியாம நாம ரெண்டு பேரும் வச்சுக்கிடுவோம். நான் சாகுற வரைக்கும். அப்புறம் நீ என்னமும் செய்."

"அவுக மாறிக்கிட்டு வாராக அத்தை. நாம வச்சுக்கிட்டு இருந்தாலும் அவுக நம்மகிட்ட இருக்க மாட்டாக. நேத்துப் பாத்த காலு இன்னைக்கு இல்ல." பூங்கனி அவள் முன்னால் உட்கார்ந்தாள். "வேலம்மா மாடு அசைபோடுது. அவுக கட்டிலுக்கடியில பொங்குன மாவைத் தின்னுட்டு."

"மாட்டுக்காக எம் பிள்ளையைக் குடுப்பியாக்கும்?"

பூங்கனி எழுந்து போய், செருகிய துணிகளை உருவிவிட்டு, ஜன்னலின் இரண்டு கதவையும் விரியத் திறந்தாள்.

மலைக்காற்று உள்ளே வந்து, சாம்பிராணிப் புகையைக் கலைத்து, அந்த வாசனையை எடுத்துக்கொண்டு தெருவுக்குள் போனது. குழாயடியில் நின்ற ஒருத்தி குடத்தைக் கீழே வைத்தாள். சைக்கிளில் போனவர் இறங்கினார். டீக்கடையில் பேச்சு நின்றது. மூக்கை உயர்த்தி, காற்றை மோந்து மோந்து, ஒருவர் பின்னால் ஒருவராக அவர்கள் பூங்கனியின் வாசலுக்கு வந்தார்கள். வந்தவர்கள் சுவாசத்தை இழுத்து உள்ளே வாங்கினார்கள், பிள்ளைபெற்ற வீட்டில் பிள்ளையை மோப்பதுபோல. வேலம்மாள் கதறி அழுதுகொண்டே சிரித்தாள். யாரோ ஒருவர் கொட்டடிக்கப் போய்விட்டார். "நாறுது! சாமி, நாறுது!" என்று தெருக்கோடிவரை ஆட்கள் ஓடினார்கள். அத்தனை ஆனந்தத்துக்கு நடுவில் பூங்கனி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்று, தன் புருஷன் செத்துப்போனான் என்று முதல்தடவையாக வாய்விட்டு ஒப்பாரி வைத்தாள். அதைக் கேட்டுத்தான் ஊருக்கு வெட்கம் வந்தது. கொட்டுச் சத்தம் நின்றது. ஒவ்வொருவராகச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து அவன் காலடியில் நின்றார்கள்.

வெட்கம் ஒரு மணி நேரம் நின்றது. அதற்குள் எங்கே அடக்கம் செய்வது என்ற பேச்சு வந்துவிட்டது. ஊரிலேயே பெரிய வாழைத்தோட்டம் வைத்திருந்த குற்றாலலிங்கம் வெள்ளைத்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"தாயீ, இருபது வருஷமா உம் புருஷன் என் தோட்டத்துல இலை அறுத்தவன். என் தோட்டத்துலயே வைப்போம். பளிங்குக்கல்லுல சமாதி கட்டுதேன்."

"அதெப்படி? கோயில் நந்தவனத்துல வைக்கணும், அதுதான் ஊருக்குப் பொது" என்றார் அறங்காவலர்.

நெல் வயல்காரர்கள் தங்கள் வயல்பத்துக்கு வர வேண்டும் என்றார்கள், தென்னந்தோப்புக்காரர்கள் தங்கள் மேட்டுக்கு என்றார்கள். எங்கே அவனை வைக்கிறார்களோ அங்கேதான் மண் முதலில் கண் திறக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இலைக்கட்டைத் தூக்கிக்கொண்டு போகையில் "ஏல, ஓரமாப் போ" என்று ஹாரன் அடித்தவர்களெல்லாம் அவனை என் மண்ணுக்குத் தா, என் மண்ணுக்குத் தா என்று கேட்டு வாசலில் மல்லுக்கு நின்றார்கள். இரண்டு பேருக்குச் சட்டை கிழிந்தது.

பூங்கனி வெளியே வந்தாள். "மலையில இருந்து ஓடை இறங்குற இடத்துல ஒரு புறம்போக்கு இருக்குல்லா. அங்க வைங்க."

"அங்க என்ன இருக்கு, வெறும் கல்லு?"

"தினமும் இலைக்கட்டை இறக்கி வச்சுட்டு அங்கதான் முகம் கழுவுவாக. நானே ரெண்டு தடவை சாப்பாடு கொண்டுபோயிருக்கேன். அவுகளுக்குப் பிடிச்ச இடம்."

கூட்டம் யோசித்தது. அந்த ஓடைத் தண்ணீர்தான் குளத்துக்குப் போகிறது, குளத்திலிருந்துதான் எல்லா மடைக்கும் பிரிகிறது என்பது பின்வரிசையில் நின்ற ஹெப்சிபாவுக்கு முதலில் பட்டது, அவள் பூங்கனியைப் பார்த்தாள். அப்புறம் ஒவ்வொருவருக்காகப் பட்டது. குற்றாலலிங்கம் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, "சரி, தூக்குங்கல" என்றார். முதல் தோள் அவருடையதுதான்.

பொன்னுத்தாய் ஓடைக்கரைக்கும் வரவில்லை, வாசலுக்கும் வரவில்லை. அடக்கம் முடிந்து பூங்கனி குளித்துவிட்டு வந்தபோது, கிழவி துணிப்பையோடு உட்கார்ந்திருந்தாள்.

"நீ என் மகனைக் காட்டிக்குடுத்துட்டே" என்றாள். செங்கோட்டைப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்த மகள் வீட்டுக்கு அடுத்த பஸ்ஸில் போய்விட்டாள். பனையோலை விசிறி கட்டிலிலேயே கிடந்தது.

அழுகல் திரும்பி வந்த கதையைப் பூங்கனி ஊரார் வாயால்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். ஓடைக்கரையில் முதலில் கறுத்தது அவன்மேல் போட்ட மாலையாம். பிறகு அதைச் சுற்றிக் கிடந்த சருகு மெத்தென்று ஆயிற்றாம். பிறகு ஓடைநெடுக, தண்ணீர் தொட்ட இடமெல்லாம், கரை கரையாக மண் கறுத்துக்கொண்டே இறங்கியது. முதல் ஈ எந்த வீட்டுக்கு வந்ததோ அந்த வீட்டுக்காரர் அதற்குச் சர்க்கரை வைத்தார். தவளைகள் எங்கிருந்து வந்தனவோ, ஒரு சாயங்காலம் குளத்தில் கத்த ஆரம்பித்தன, சிறுசுகள் பயந்துபோய் அம்மாவைக் கட்டிக்கொண்டன. வைக்கோல் தாள் மடிந்தது. எருக்குழியில் ஆவி எழும்பியது. மாதக்கணக்கில் வைத்திருந்த கல்யாண வீட்டு சாம்பார்கள் எல்லாம் ஒரே வாரத்தில் பழி வாங்கின. கொசு கடிக்கிறது, குப்பை நாறுகிறது என்று பேரூராட்சியில் மனுக் கொடுக்க ஆட்கள் கிளம்பினார்கள், பாதி வழியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

பூங்கனியின் மாவும் பழையபடி பொங்கியது. அவள் ஆட்டினாள், பொட்டலம் போட்டாள், தானே சுமந்துபோய்க் கடைகளில் கொடுத்தாள்.

உள்ளறை நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் நேரம் வந்தது. அந்தந்த வீட்டில் முதல் வாசனை எழுந்ததும் ஆள் அனுப்பிப் பூங்கனியைத்தான் கூப்பிட்டார்கள். அவள் போய் வீட்டுக்காரிக்குப் பக்கத்தில் உட்காருவாள். ஜன்னலைத் திறக்கச் சொல்ல மாட்டாள். அவர்களாகத் திறக்கிற வரைக்கும் உட்கார்ந்திருப்பாள், சில வீட்டில் ஒரு நாழிகை, சில வீட்டில் ராத்திரி முழுக்க. ஆவுடையப்பனின் அம்மா, "உனக்கு எப்படிம்மா கை வந்தது?" என்று கேட்டபோது, "வரலை, வராமலேதான் திறந்தேன்" என்றாள். ஆனால் தன் வீட்டுக்குத் திரும்பினால் அந்தக் காலிக் கட்டிலும் விசிறியும் இருக்கும். காட்டிக்கொடுத்தவள் என்று சொன்ன குரல் இருக்கும். செங்கோட்டைக்கு இரண்டு தடவை போனாள். நாத்தனார் காப்பி கொடுத்தாள். கிழவி கொல்லைப்பக்கத்திலிருந்து வரவே இல்லை.

ஆனி பிறந்து சாரல் இறங்கியது. மலை தெரியாமல் மேகம் கவிந்து, பொடிப்பொடியாக மழை தூறிக்கொண்டே இருந்தது. ஒருநாள் இடி இடித்து ஓய்ந்த மறுநாள், ஓடைக்கரையில் சுயம்புலிங்கம் கிடந்த இடத்தில் காளான் பூத்திருக்கிறது என்றார்கள். போய்ப் பார்த்தாள். தலைமாட்டிலிருந்து கால்மாடுவரை ஓர் ஆள் படுத்திருக்கிற அளவுக்கு, வெள்ளை வெளேரென்று, சிலது மொட்டு, சிலது குடை, நெருக்கமாக நின்றன. சாப்பாட்டுக் காளான்தான்; வேறு இடமாக இருந்தால் விடியுமுன் பறித்துப் போயிருப்பார்கள். இங்கே யாரும் கை வைக்கவில்லை. பூங்கனி குனிந்து ஒன்றின் தலையைத் தொட்டாள், குளிர்ச்சியாக இருந்தது. பறிக்க முடியாமல் வந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் அவள் மாவு பொட்டலம் போட்டுக்கொண்டிருந்தபோது நடையில் ஈரச் சேலைச் சத்தம் கேட்டது. பொன்னுத்தாய். காளான் சேதி செங்கோட்டைவரை எட்டி, முதல் பஸ்ஸில் வந்திருக்க வேண்டும். தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, முழங்கால் வரை சேறு அப்ப, முந்தானையை மடியாகக் கட்டி எதையோ ஏந்திக்கொண்டு, பூங்கனியைத் தாண்டி நேரே அடுப்படிக்குப் போனாள். மடியை அவிழ்த்துச் சுளகில் கொட்டினாள். வெள்ளைக் காளான்கள், அடியில் கறுத்த மண்ணோடு.

பூங்கனி நிலைப்படியில் நின்றாள். கிழவி திரும்பிப் பார்க்கவில்லை. மண்ணைக் கழுவினாள், கழுவிய தண்ணீரைக் கொட்டாமல் வாழைக்கன்றின் தூரில் ஊற்றிவிட்டு வந்தாள். காம்பைக் கையாலேயே கிழித்தாள். உள்ளி உரித்தாள், மிளகும் சீரகமும் அம்மியில் வைத்து அரைத்தாள், சட்டியில் நல்லெண்ணெய் விட்டுத் தாளித்துப் போட்டதும் வீடெல்லாம் மணம் எழும்பியது. சோற்றை வடித்து, இரண்டு தட்டு எடுத்துவைத்து, இரண்டிலும் பரிமாறினாள்.

"உக்காரு" என்றாள்.

பூங்கனி தட்டைப் பார்த்தாள். "அத்தை, இது…"

"தெரியும். தெரிஞ்சுதான் பறிச்சேன்." பொன்னுத்தாய் தன் தட்டின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சோற்றைப் பிசைந்தாள். "என் வயித்துல இருந்து வந்தவன். திரும்பி என் வயித்துக்கே வாரேன்னு சொன்னா, நான் வேண்டாம்னா சொல்லுவேன்?"

முதல் கவளத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வாயில் வைத்தாள். மென்றாள். விழுங்கினாள். அப்புறம் கண்ணைத் திறந்து மருமகளைப் பார்த்தாள்.

"ஆறிப்போகும், சாப்பிடு. எனக்கு மட்டுமா அவன்?"

பூங்கனி உட்கார்ந்து சாப்பிட்டாள். வெளியே சாரல் விட்டு விட்டுத் தூறியது. மிளகுக் காரத்தில் இரண்டு பேருக்கும் மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ளாமல் சாப்பிட்டார்கள். தட்டு காலியானதும் பூங்கனி அதைக் கொஞ்சம் முன்னால் தள்ளினாள்.

"இன்னும் கொஞ்சம் வைங்க, அத்தை."